ஆறு வீட்டு விருந்து

சண்டையே போடாத ஊரைக் கண்டால் எனக்குப் பயம். மலைமேல் இருக்கும் எங்கள் வளப்பூர் நாட்டில் காலையில் ஒரு சண்டை, மாலையில் ஒரு சண்டை நடந்தால்தான் எல்லோரும் சுகமாக இருக்கிறார்கள் என்று அர்த்தம். மாடு சாமைக் கொல்லையில் இறங்கிவிட்டது, பலாப்பழத்தை எவனோ அறுத்துக்கொண்டு போய்விட்டான் என்று யாராவது தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருப்பார்கள். மறுநாள் அவர்களே ஒன்றாக நின்று களை எடுப்பார்கள். ஆறு வீட்டுக்காரர்கள் அப்படிச் சண்டை போட்டு நான் பார்த்ததே இல்லை. கோபம் வந்தால் கொஞ்சம் கூடுதலாகச் சிரிப்பார்கள், அவ்வளவுதான்.

ஆறு வீடு என்று நாங்கள் சொன்னது அமெரிக்கர்கள் குடியிருந்த இடத்தை. அப்போது மலைக்கு ரோடு கிடையாது. தகரம், கண்ணாடி, இரும்புக் கட்டில் எல்லாமே அடிவாரத்துப் பேளுக்குறிச்சியிலிருந்து தலைச்சுமையாகத்தான் மேலே வந்தன. ஆரஞ்சும் காப்பியும் வளர்த்துக் காட்டி எங்களுக்குக் கற்றுக்கொடுக்கச் சொல்லி அவர்கள் ஊர்ச் சங்கம் ஒன்று அவர்களை அனுப்பியிருந்தது. ஒரே அச்சில் வார்த்த மாதிரி ஆறு வீடுகள். நடுவில் புல்தரை, சுற்றிலும் வெள்ளையடித்த மரவேலி. கதவுகளை யாரும் பூட்டுவதில்லை. ஒரு வீட்டில் மஞ்சள் திரை தொங்கினால் அடுத்த மாதம் ஆறு வீட்டிலும் மஞ்சள் திரை தொங்கும். சனிக்கிழமை ஆனால் ஆம்பிளைகள் எல்லோரும் அரைக்கால் சட்டையோடு வந்து புல் வெட்டுவார்கள். ஒருத்தர் வெட்டாமல் விட்டால் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். அவர் வீட்டு முன்னால் வந்து நின்று, "இன்றைக்கு வெயில் நன்றாக இருக்கிறது" என்பார்கள். அவரும் உடனே எழுந்து வந்துவிடுவார்.

நான் காலையில் மார்ஜரியம்மா வீட்டில் வேலை செய்தேன். அவர் கணவர் ஹெரால்டு துரைதான் அங்கே தலைவர். மத்தியானத்துக்கு மேல் வில்பரய்யா வீட்டுக்குப் போவேன். மற்றவர்கள் எல்லாம் வந்து மூன்று நான்கு வருடம்தான். வில்பரய்யா யுத்தத்துக்கு முன்பே மனைவியோடு மலை ஏறி வந்தவர். அந்த அம்மா காய்ச்சலில் போய், காப்பித் தோட்டத்து மேட்டில் அடக்கமாகி ரொம்பக் காலமாகிவிட்டது. அவர் திரும்பிப் போகவில்லை. எங்கள் பேச்சை எங்களைப் போலவே பேசுவார். எங்கள் ஊருக்கு வந்தால் சாமைச் சோற்றை இரண்டாம் தரம் கேட்டு வாங்கிச் சாப்பிடுவார். "மேட்டுல அவ பக்கத்துல எனக்கும் எடம் விட்டு வெச்சிருக்கேன், புல்லு மண்டாமப் பாத்துக்க நல்லமுத்து" என்று என் புருஷனிடம் சொல்லி வைத்திருந்தார்.

அவருக்கு மறதி வந்தது அந்த மழைக்காலத்தில். என்னை ஒரு நாள் முனியாயி என்று சரியாகக் கூப்பிடுவார், மறுநாள் பேரைத் தேடிக்கொண்டு நிற்பார். மண்ணெண்ணெய் அடுப்பைப் பற்றவைத்துவிட்டு மேட்டுக்குப் போய் உட்கார்ந்துவிட்டார் ஒரு நாள். அடுப்பங்கரைத் திரை பிடித்து, கூரைக் கட்டைவரைக்கும் கருகிவிட்டது. நாங்கள் எல்லோரும் வாளியோடு ஓடினோம். அணைத்து முடித்ததும் மார்ஜரியம்மா அவர் தோளைத் தட்டிக்கொடுத்தார். ஹெரால்டு துரை சிரித்தார். எல்லோரும் சிரித்தார்கள். ஒருத்தராவது "ஏன்யா இப்படிப் பண்ணினே?" என்று திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

அதற்குப் பிறகுதான் கிசுகிசுப்பு ஆரம்பித்தது.

நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருப்பேன். மார்ஜரியம்மாவும் இரண்டு மூன்று பெண்களும் மேஜையைச் சுற்றித் தலையோடு தலை வைத்துப் பேசுவார்கள். சன்னல் வழியாக வில்பரய்யா வருவது தெரிந்தால் ஒருத்தி உதட்டில் விரல் வைப்பாள். பேச்சு அறுந்துவிடும். அவர் உள்ளே வந்ததும் எல்லோரும் ஒரே நேரத்தில் பல்லைக் காட்டுவார்கள். அவர் போன பிறகு மறுபடியும் தலைகள் சேரும். வெள்ளிக்கிழமை தோறும் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒரு பாத்திரத்தில் துணி மூடி எடுத்து வந்து ஒன்றாகச் சாப்பிடுவது அவர்கள் வழக்கம். அங்கேயும் இதே கதைதான். குழந்தைகள்கூட அவரைக் கண்டால் வாயைப் பொத்திக்கொண்டு ஓடின.

இதை நான் முன்பே ஒரு தடவை பார்த்திருக்கிறேன். என் சித்தப்பன் சின்னானை ஊர் தள்ளிவைத்தபோது இப்படித்தான் நடந்தது. கோயில் காட்டு மரத்தை அவர் கீழ்நாட்டு ஆளுக்கு வெட்டிக் கொடுத்துவிட்டார் என்று பேச்சு. பஞ்சாயத்துக் கூடும்வரை யாரும் அவரிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவர் வந்தால் பேச்சு நிற்கும். அவர் கேட்டால், "ஒண்ணுமில்லீங்க" என்பார்கள். என் சித்திக்குக்கூடத் தெரியும், அவருக்கு மட்டும் தெரியாது. பஞ்சாயத்து முடிந்த மறுநாள் மலையை விட்டு இறங்கினார். எங்கே செத்தார் என்றுகூட எங்களுக்குத் தெரியாது. அப்போது நான் சின்னப் பெண். ஆனாலும் அந்த வாய்மூடிய நாட்கள் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கின்றன.

அதனால் மார்ஜரியம்மா வீட்டில் பேச்சு அறும்போதெல்லாம் எனக்குச் சித்தப்பன் ஞாபகம் வந்தது. ஒரு கண்ணாடித் தட்டைக்கூடப் போட்டு உடைத்துவிட்டேன். அதற்கும் அந்த அம்மா சிரித்தார்.

அந்த வாரம் பேளுக்குறிச்சிச் சந்தைக்குப் போன நல்லமுத்து ஒரு சேதியோடு வந்தார். டோலி தூக்கும் காளியண்ணனைச் சந்தையில் பார்த்தாராம். சனிக்கிழமை சாயங்காலமே ஆட்களோடு மேலே வந்து ஆறு வீட்டில் தங்கி, ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் ஒருத்தரைக் கீழே இறக்க வேண்டும் என்று ஹெரால்டு துரை சொல்லி அனுப்பியிருக்கிறாராம். மூங்கிலில் நாற்காலி கட்டி நாலு பேர் தூக்கிப் போகும் டோலியில் நடக்க முடியாதவர்கள்தான் இறங்குவார்கள். ஆறு வீட்டில் யாருக்கும் நோய் இல்லை.

"ஏனுங்க, யாரை எறக்கப் போறாங்களாம்?" என்று கேட்டேன்.

"அதைச் சொல்லலையாம். ஆனா மூச்சு விடக்கூடாதுன்னு சொல்லியிருக்காங்களாம்" என்றார் நல்லமுத்து. "நீ எதுலயும் தலையிடாத. வெள்ளைக்காரங்க சமாச்சாரம்."

தலையிடாமல் எப்படி இருப்பது? என் இரண்டாவது பிள்ளை வயிற்றில் திரும்பிக் கிடந்தபோது, மழையில் எங்கள் வீட்டு வாசலில் விடிய விடிய நின்று மருத்துவச்சிக்கு விளக்குப் பிடித்தவர் வில்பரய்யா. மறுநாள் மத்தியானம் வேலையைப் பாதியில் போட்டுவிட்டு மேட்டுக்கு ஓடினேன். கல்லறைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அவர் மிளகுக் கொடியின் சருகைக் கிள்ளிக்கொண்டிருந்தார்.

"ஐயா, உங்களைத் தள்ளிவைக்கப் போறாங்க" என்றேன். மூச்சு வாங்கியது. கிசுகிசுப்பு, உதட்டில் விரல், குழந்தைகள் ஓடுவது எல்லாவற்றையும் கொட்டினேன். கேட்கக் கேட்க அவர் முகத்தில் சிரிப்பு வந்தது. கடைசியில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"அட முனியாயி! சனிக்கிழமை எனக்குப் பொறந்த நாளு. அதுக்குத்தான் இத்தனையும். எங்க ஊர்ல ஒரு வழக்கம் உண்டு. பொறந்த நாள்காரனுக்குத் தெரியாம எல்லாரும் ஒரு ஊட்டுல கூடுவாங்க. வெளக்கை அணைச்சுட்டு ஒளிஞ்சுக்குவாங்க. அவன் உள்ள வந்ததும் ஓன்னு கத்துவாங்க. அப்பறம் விருந்து."

"பொறந்த நாளும் அதுவுமா பயமுறுத்துவாங்களா?"

"பயமுறுத்தறது இல்ல கண்ணு. அது பிரியம்."

"எங்க ஊர்ல பிரியம்னா வெளக்கை ஏத்தி வெச்சுத்தான் சோறு போடுவோமுங்க."

அவர் மறுபடியும் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. கிறுக்கச்சி, எதையோ நினைத்து எதையோ உளறிவிட்டோமே என்று வெட்கமாக இருந்தது. நெஞ்சுப் பாரம் இறங்கியது. சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கிளம்பினேன். நாலு எட்டு வைத்த பிறகுதான் அது நினைவுக்கு வந்தது. திரும்பி நின்று கேட்டேன்.

"அப்ப டோலி எதுக்குங்க?"

"எந்த டோலி?"

சொன்னேன். அவர் கையிலிருந்த சருகு கீழே விழுந்தது. முகத்தில் இருந்த சிரிப்பு அப்படியே இருந்தது, ஆனால் கண் வேறு மாதிரி ஆகிவிட்டது. கல்லறைக் கல்லை ஒரு கையால் பிடித்துக்கொண்டார். பிறகு, "மழை வரும்போல இருக்குது, நீ ஊட்டுக்குப் போ" என்றார். வானத்தில் மழைக்கான அறிகுறியே இல்லை.

அன்றிலிருந்து அவர் பட்ட பாட்டைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. காலையில் எழுந்து முகம் மழித்து, தலை வாரி, புல்தரையில் போய் நிற்பார். எதிரே வருகிறவர்களை எல்லாம் பேர் சொல்லிக் கூப்பிட்டு வணக்கம் வைப்பார். சனிக்கிழமை வருவதற்கு முன்பே தன் வீட்டுப் புல்லை வெட்டினார். மண்ணெண்ணெய் அடுப்பைத் தூக்கி வெளியே வைத்துவிட்டு, விறகு அடுப்பை நான் இருக்கும்போது மட்டும் மூட்டச் சொன்னார். மத்தியானம் என்னை எதிரில் உட்காரவைத்து, "என்னைக் கேளு" என்பார்.

"என்ன கெழமைங்க?"

"வியாழன்."

"ஹெரால்டு துரை புள்ளைங்க பேரு?"

மூத்தவன் பேரைச் சொல்லுவார். இளையவள் பேர் வராது. நெற்றியில் வியர்வை துளிர்க்கும். பரீட்சைக்குப் பயந்த பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி என் முகத்தைப் பார்ப்பார். "வேணாமுங்க, வுடுங்க" என்றால் கேட்க மாட்டார். "இன்னொருக்கா கேளு, இன்னொருக்கா" என்பார். எனக்கு அழுகை வரும். அதைவிடப் பயம்தான் அதிகம் வந்தது. பெரிய மனிதர் ஒருவர் பயப்படுவதைப் பக்கத்திலிருந்து பார்க்கிற பயம்.

ஹெரால்டு துரையிடமே கேட்டுவிடுகிறேன் என்று ஒரு நாள் போனார். நான் அப்போது அங்கே தரை துடைத்துக்கொண்டிருந்தேன். அவர் ஏதோ கேட்டார். துரை இரண்டு கையையும் விரித்து, கண்ணைச் சிமிட்டி, தலையை ஆட்டிச் சிரித்தார். மார்ஜரியம்மா ஓடிவந்து கணவர் வாயைப் பொத்துவதுபோல் விளையாட்டுக் காட்டினார். விருந்தைப் பற்றித்தான் கேட்கிறார் என்று நினைத்துவிட்டார்கள். சொல்லக்கூடாது என்பதுதானே அவர்கள் வழக்கம்! வில்பரய்யாவும் சிரித்துவிட்டுப் படி இறங்கிப் போனார்.

வெள்ளிக்கிழமை நான் துணிந்து சொன்னேன். "ஐயா, எங்க ஊட்டுக்கு வந்துருங்க. ஊர்க் கவுண்டர்கிட்ட நல்லமுத்து பேசிட்டாரு. எங்க ஊருக்குள்ள வந்து உங்களை யாரும் தூக்கிட்டுப் போக முடியாதுங்க."

அவர் கண் கலங்கியது. வருவார் என்றே நினைத்தேன். மேட்டுப் பக்கம் பார்த்தார், எங்கள் ஊர்ப் பாதையைப் பார்த்தார்.

"வந்தா என்ன சொல்லுவாங்க தெரியுமா? கெழவனுக்குப் புத்தி கெட்டுப்போச்சு, காட்டுக்குள்ள ஓடிட்டான்னு சொல்லுவாங்க. அவங்க பேசிக்கிட்டதெல்லாம் மெய்யாயிரும், முனியாயி. நாளைக்கு நான் ஒழுங்கா நடந்துக்கிட்டா மனசு மாறுவாங்க. நல்லவங்கதான் எல்லாரும்."

நல்லவர்கள்தான். அதுதான் என்னைக் கதிகலங்க வைத்தது. கெட்டவனாக இருந்தால் காலில் விழலாம், கல்லை எடுத்து எறியலாம். நல்லவர்கள் எல்லோரும் சேர்ந்து ஒன்றை முடிவு செய்துவிட்டால் யாரிடம் போய் முறையிடுவது?

சனிக்கிழமை அந்தி சாயும்போது வெள்ளைப் புகை மாதிரி மஞ்சு இறங்கிவிட்டது. வில்பரய்யாவைக் கூட்டிவர வேண்டியது என் வேலை என்று மார்ஜரியம்மா சொல்லியிருந்தார். "ஆரஞ்சுக் கன்னு பட்டுப் போச்சு, தொரை கூப்புடறாரு" என்று பொய் சொல்லச் சொன்னார். நான் பொய் சொல்லவில்லை. சொல்லவும் தேவையில்லை. அவர் கறுப்புக் கோட்டு மாட்டிக்கொண்டு கதவோரம் தயாராக நின்றார்.

வெளியே வந்தோம். ஆறு வீட்டிலும் விளக்கு இல்லை. மஞ்சுக்குள் வெள்ளை வேலி மட்டும் தெரிந்தது. மாட்டுக் கொட்டகைப் பக்கம் பீடி நெருப்பு மினுங்கியது. காளியண்ணனும் ஆட்களும் வந்து சேர்ந்துவிட்டார்கள். டோலி சுவரில் சாய்த்து வைத்திருந்தது. வில்பரய்யாவும் அதைப் பார்த்தார், ஆனால் நிற்கவில்லை. வாய்க்குள் எதையோ முணுமுணுத்துக்கொண்டு வந்தார். காது கொடுத்துக் கேட்டேன். ஆறு வீட்டுப் பிள்ளைகளின் பேர்கள்.

ஹெரால்டு துரை வீட்டுக் கூடம் இருட்டாகக் கிடந்தது. ஆனால் உள்ளே ஆட்கள் மூச்சு விடுவது எனக்குக் கேட்டது. உள்ளே இத்தனை பேர் இருக்கிறார்கள், எதற்கு இருக்கிறார்கள் என்று தெரியும். தெரிந்தும் வாசலிலேயே நின்றுவிட்டேன். அவர் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். இருவருமாகப் படி ஏறினோம்.

ஓ என்று ஒரு கத்தல். மறைத்து வைத்திருந்த விளக்குகள் பளிச்சென்று வெளியே வந்தன. நாற்காலிக்குப் பின்னாலிருந்தும் திரைக்குப் பின்னாலிருந்தும் வெள்ளை முகங்கள் குதித்து வந்தன. எல்லா வாயும் திறந்திருந்தது. அவர் நகம் என் தோலில் பதிந்தது. அடுத்த நொடி கையை எடுத்துவிட்டு, நெஞ்சில் வைத்துக்கொண்டு, அதிசயப்பட்டவர் மாதிரி சிரித்தார். நன்றாகத்தான் நடித்தார். அவர்கள் பாட்டுப் பாடினார்கள். ஒவ்வொருத்தராக வந்து கட்டிப்பிடித்தார்கள். அவர் ஒவ்வொரு பேராகச் சொன்னார். ஒன்றுகூடத் தப்பவில்லை. ஹெரால்டு துரையின் சின்னப் பெண் பேர்கூட வந்துவிட்டது. சொல்லி முடித்துவிட்டு என் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். தப்பித்துவிட்டார் என்றுதான் நானும் நினைத்தேன்.

அப்போது ஹெரால்டு துரை உள்ளே போய் ஒரு தோல் பெட்டியைத் தூக்கி வந்தார். புதுசு. சிவப்பு நாடா கட்டியிருந்தது. அதை வில்பரய்யாவின் காலடியில் வைத்துவிட்டு நீளமாக ஏதோ பேசினார். பேசும்போது குரல் தழுதழுத்தது. பெண்கள் மூக்கைத் துடைத்துக்கொண்டார்கள். எனக்கு அந்தப் பேச்சு புரியாது. மார்ஜரியம்மாவுக்கு என்னிடம் வேலை வாங்கும் அளவுக்குத்தான் தமிழ் வரும். அந்தத் தமிழில் என் காதோரம் சந்தோஷமாகச் சொன்னார்.

"ஐயா நாளை போறார். அமெரிக்கா. பெரிய வீடு. கிழவர் எல்லாம் ஒண்ணா இருக்கு. டாக்டர் இருக்கு. நாங்க எல்லாம் பணம் போட்டோம். ஐயாவுக்குத் தெரியாது! இப்பத்தான் தெரியும்!"

எல்லோரும் கை தட்டினார்கள். வில்பரய்யா பெட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றார். உதட்டில் சிரிப்பு இருந்தது. அவர்கள் ஊரில் இந்த மாதிரி நேரத்தில் சிரித்தே ஆக வேண்டும்போலும். இத்தனை பேர் இத்தனை நாள் வாய்மூடி, பணம் சேர்த்து, விளக்கணைத்துக் காத்திருந்து கொடுத்ததை வேண்டாம் என்று எந்த முகத்தோடு சொல்வது?

என் சித்தப்பனைத் தள்ளிவைத்தபோதுகூட ஊர்க் கவுண்டர் கடைசியாக, "நீ என்ன சொல்ற?" என்று கேட்டார். சித்தப்பன் மண்ணை வாரித் தூற்றினார். ஊரையே கெட்ட வார்த்தையில் ஏசினார். யாரும் தடுக்கவில்லை. அவர் ஓயும்வரை எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டு கேட்டார்கள். இங்கே அப்படிக் கேட்க ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

எனக்கு எங்கிருந்து தைரியம் வந்ததோ தெரியாது. கை தட்டல் கொஞ்சம் அடங்கிய நேரம் பார்த்துச் சத்தமாகக் கேட்டேன்.

"ஐயா, நீங்க என்ன சொல்றீங்க?"

எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். வில்பரய்யா என்னைப் பார்த்தார். முகத்தில் சிரிப்பு கொஞ்சமும் குறையவில்லை. குரலும் விருந்துக்கு நன்றி சொல்கிறவர் குரல் மாதிரியேதான் இருந்தது. எங்கள் பேச்சில் சொன்னார்.

"எனக்குப் பயமா இருக்குது முனியாயி. அந்த ஊர்ல எனக்கு ஒருத்தரையும் தெரியாது. என்னை அனுப்பாதீங்கன்னு சொல்லு."

நன்றி சொல்கிறார் என்று நினைத்து அவர்கள் மறுபடியும் கை தட்டினார்கள். முன்னைவிடப் பலமாகத் தட்டினார்கள். மார்ஜரியம்மா ஈரக் கண்ணோடு என் தோளை உலுக்கினார். "என்ன சொன்னார்? என்ன சொன்னார்?"

"ஐயாவுக்குப் பயமாம், அம்மா" என்றேன். "போக மாட்டாராம். அனுப்ப வேண்டாமாம்."

பயம் என்ற சொல் அந்த அம்மாவுக்குத் தெரியும். தோட்டத்தில் பாம்பைக் கண்டு ஓடிவரும்போதெல்லாம் என்னிடம் அதைத்தான் சொல்லுவார். என் தோளிலிருந்து அவர் கை நழுவியது. வில்பரய்யாவின் முகத்தை முதல் தடவையாகப் பார்க்கிறவர் மாதிரி பார்த்தார். அந்த அம்மாவின் வாய் லேசாகத் திறந்தது. கணவரிடம் சொல்லிவிடுவார், இப்போது சொல்லிவிடுவார் என்று நான் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

சுற்றிலும் எல்லோரும் தட்டிக்கொண்டிருந்தார்கள். ஹெரால்டு துரை தட்டியபடியே திரும்பி, மனைவியின் சும்மா இருந்த கைகளைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். மார்ஜரியம்மா வாயை மூடிக்கொண்டார். பிறகு மெதுவாக அவரும் தட்ட ஆரம்பித்தார்.